அண்ணன் குடலில் தெரிந்த கோடுகள்

1

பெருமையடித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது பாருங்கள். பெருமை எங்கள் அண்ணன் அந்தோணிசாமியைப் பற்றி. தருமபுரியில் சின்னதாக ஒரு ஸ்கேன் சென்டர் நடத்தும் டாக்டர் பூங்கொடியைப் பற்றி. கொஞ்சம் என்னைப் பற்றியும்தான், மறைப்பானேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறேன். படம் எடுப்பது என் வேலை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது டாக்டர் வேலை. ஊரில் என்னையே டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

போன வாரம் ஒரு சீன முதியவர் வந்தார். மேசையில் படுக்கவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் சீன மொழியில் மூச்சை அடக்கச் சொன்னேன். இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடக்கச் சொல்லும் சொல்லைப் பாடமாகக் கற்றுக்கொண்டு, விடச் சொல்லும் சொல்லை மறந்துவிட்டேன். அன்றைக்கு மேசையில் இருந்தவர் முகம் சிவக்க அடக்கிக்கொண்டே கிடந்தார். பதற்றத்தில் "வுடுங்கய்யா, மூச்ச வுடுங்க" என்று பாப்பாரப்பட்டித் தமிழில் மைக்கில் கத்தினேன். அவருக்கு எப்படியோ புரிந்தது, விட்டார். இப்போது இரண்டு சொல்லும் தூக்கத்தில்கூட வரும்.

போன வார முதியவரின் படம் திரையில் வந்தது. வயிற்றின் வலப்பக்கம், பெருங்குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல் இழைத்த மாதிரிக் கோடுகள். பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண், "இது என்ன அக்கா?" என்று கேட்டாள். "டாக்டர் வருவார், அவரிடம் கேள்" என்று விதிமுறைப்படி பதில் சொன்னேன். ஆனால் அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் இதே மாதத்தில் இதே கோடுகளை எங்கள் அண்ணன் வயிற்றில் பார்த்தேன்.

2

அண்ணனும் சிங்கப்பூரில் இருந்தவர். கட்டட வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் சாரத்தில் ஏறி இறங்கிவிட்டு, நான் இங்கே வருவதற்கு முந்தைய வருஷம் ஊர் திரும்பிவிட்டார். அதனால் அண்ணனும் தங்கையும் ஒரே ஊரில் பிழைத்தோம், ஒரு நாள்கூடச் சேர்ந்து இருந்ததில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தக்காளி, குச்சிக்கிழங்கு, மழை பார்த்து ராகி. அண்ணன் திரும்பிவந்து அதைத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஊரில் அவர் பெயர் இன்னும் 'சிங்கப்பூரார்'. வெளிநாடு போகும் பையன்கள் அவரிடம் யோசனை கேட்காமல் விமானம் ஏறமாட்டார்கள். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போகிறவனை நிறுத்தித் திட்டுவார். கோவிலில் மைக் சரியில்லை என்றால் சாமியாரிடமே போய்ச் சொல்வார். "அங்கெல்லாம் இப்பிடிக் கெடையாதுங்க ஃபாதர்" என்று ஆரம்பித்தாரென்றால் ஃபாதர் நாற்காலியைத் தேடுவார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. வத்தல்மலைப் பக்கமிருந்து வேரும் பட்டையும் கொண்டுவந்து சந்தையில் விற்கிறவர்கள். மஞ்சள் காமாலைக்கு வேர் கட்டிக்கொண்டு சாகக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றுமுதல் எவன் வீட்டு அடுப்பில் கஷாயம் கொதித்தாலும் அண்ணன் வாசலில் நின்று சத்தம் போடுவார்.

இது ஏன் முக்கியம் என்று பிறகு தெரியும்.

3

அண்ணனுக்கு வயிற்று வலி வந்தது. வலப்பக்கம் அடிவயிற்றில் பிடித்துக்கொள்ளும், இரண்டு நாள் பேதியாகும், நின்றுவிடும். மறுபடி வரும். உடம்பு இளைத்தது. அண்ணி போனில், "சட்டை எல்லாம் தொளதொளன்னு தொங்குது கண்ணு, கேட்டா வெயில்ல அப்பிடித்தான்ங்கறாரு" என்றார். அண்ணியின் பெயர் செசிலி. அதிகம் பேசாதவர். அவரே போன் போட்டார் என்றால் விஷயம் பெரிது.

தருமபுரியில் பூங்கொடியின் சென்டரில் ஸ்கேன் எடுத்தார்கள். குடல் சுவர் வீங்கியிருக்கிறது என்று வந்தது. அங்கிருந்து சேலத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது குடலின் உட்புறம் கருநீலமாக இருந்ததாம். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை என்று வந்தது. ஆனாலும் அறுவை மருத்துவருக்குச் சந்தேகம் தீரவில்லை. சதை எடுத்த இடத்தில் புற்று தப்பியிருக்கலாம், குடல் அடைத்துக்கொள்ளவும் கூடும், வலப்பக்கக் குடலை எடுத்துவிடுவதே நல்லது என்று சொல்லி அடுத்த மாதம் ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கு எதிரே கெட்டுப்போன குடல் இருக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்.

அண்ணன் பயந்துவிட்டார். சாரத்தின் உச்சியில் நின்று பீடி குடித்தவர், என்னிடம் போனில், "வெளிக்குப் போறதுக்கு வவுத்துல பைய கட்டி வுட்டுருவாங்களாம் ஸ்டெல்லா. அத மாட்டிக்கிட்டு எப்பிடிக் கோயிலுக்குப் போறது" என்றார். பை கட்ட வேண்டியிருக்காது, அப்படியே கட்டினாலும் கொஞ்ச காலம்தான் என்றேன். "உனக்கு அங்க இருந்துக்கிட்டு சொல்றது சுலபம்" என்று வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஸ்கேன் படங்களை அனுப்பச் சொன்னேன். மருத்துவமனைக் கணினியில் வெளி நோயாளியின் படத்தைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. வீட்டில் என் மகள் ஆஞ்சலின்தான் லேப்டாப்பில் திறந்து கொடுத்தாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். பள்ளியில் தமிழ்ப் பாடம் முடிந்த அன்றைக்கே தமிழை மூட்டைகட்டி வைத்துவிட்டாள். மாமாவை 'அங்கிள்' என்பாள். "இது அங்கிள் ஸ்டொமக்கா? எல்லார் ஸ்டொமக்கும் சேம் தான் லா" என்றாள். சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சின் முடிவில் போடும் அந்த 'லா' என் வாயிலும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊருக்குப் போனால் சிரிக்கிறார்கள். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். தோளில் தூக்கிக்கொண்டு தக்காளித் தோட்டமெல்லாம் சுற்றிக் காட்டிய மாமன். அவளுக்கு அது நினைவில்லை, குற்றமும் இல்லை. எனக்குத்தான் வலிக்கிறது.

பிறகு படத்தைப் பார்த்தேன். அந்தக் கோடுகள் இருந்தன.

எங்கள் மருத்துவமனையில் எப்போதாவது இப்படி ஒருவர் வருவார். குடலிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். ரத்தம் திரும்ப வழியில்லாமல் குடல் வீங்கும், வலிக்கும், ஊதாவாகிக் கறுக்கும். அரிதான நோய். சில சீன மருந்துகளில் கார்டீனியா என்ற பூச்செடியின் காயைச் சேர்ப்பார்கள். அதை வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்களிடம்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டால் பலருக்கு வலி மெல்லக் குறையும். முற்றிப்போனால் வெட்டத்தான் வேண்டும்.

நான் படம் எடுப்பவள். சொல்ல எனக்கு அதிகாரமில்லை. பூங்கொடியின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். இன்னார் தங்கை என்று சொல்லி, நான் பார்த்ததைச் சொன்னேன். 

"மேடம், நான் அதையேதாங்க நெனச்சேன்" என்றார். "படிக்கறப்ப இந்தக் கோட்டப் பாத்ததே இல்லீங்க. மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, தேடித் தேடிப் படிச்சேன். சீனா, ஜப்பான் பக்கம்தான் வருதுன்னு போட்டிருக்கு. உங்கண்ணன் பாப்பாரப்பட்டிக்காரரு. அவருக்கு எப்பிடிங்க வரும்? நாட்டு மருந்து எதாச்சும் சாப்புடறீங்களான்னு மூணு தடவ கேட்டேன். என்னயத் திட்டிட்டுப் போயிட்டாரு."

சேலத்து மருத்துவரிடமும் பூங்கொடி பேசியிருக்கிறார். மருந்துப் பழக்கமே இல்லாதவருக்கு இந்த நோய் எப்படி வரும் என்று கேட்டுவிட்டு, குறித்த நாளை அவர் மாற்றாமல் விட்டுவிட்டார்.

நான் அண்ணனைக் கேட்டேன். வேர், இலை, லேகியம், சூரணம், சர்க்கரைக்கு யாராவது கொடுத்த பொடி, ஒன்றுவிடாமல் கேட்டேன். "யார்கிட்டக் கேக்கற? நானா? என்னயவா கேக்கற?" என்று கத்தினார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது அவர் இவ்வளவு சத்தம் போடமாட்டார்.

4

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்புவது அவ்வளவு எளிதா? நான் இங்கே குடியுரிமை வாங்கியாயிற்று. பிறந்த ஊருக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். 'அண்ணன்' என்று எழுத அதில் இடமில்லை, சுற்றுலா என்று தட்டிவிட்டேன். ஆஞ்சலினைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பயிற்சி வேலை இருக்கிறதாம். "டெல் அங்கிள் கெட் வெல் சூன்" என்றாள்.

வழக்கமாக ஊருக்குப் போனால் தருமபுரி டவுனில் மாமியார் வீட்டில்தான் தங்கல். அண்ணன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போய், கறிக்குழம்பு சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவேன். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் இராத் தங்கினால் மாமியார் முகம் கோணும். இத்தனை வருஷத்தில் அண்ணன் எழுந்ததும் என்ன செய்கிறார் என்று நான் பார்த்ததே கிடையாது. இந்தத் தடவை நேராக அண்ணன் வீட்டில் பெட்டியை இறக்கினேன். மாமியார் கோணட்டும்.

5

விடிந்ததும் அண்ணன் சமையலறைக்குள் போனார். வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளரோடு வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் ஆவி பறந்தது.

"குடி. உங்கூருதுதான். பிளேன்ல வந்த சூட்டுக்கு நல்லது."

ஒரு வாய் வைத்தேன். கசப்பு. எங்கோ குடித்த கசப்பு. சிங்கப்பூரில் சீன மருந்துக்கடை வாசலில் பெரிய பாத்திரத்தில் வைத்து விற்பார்களே, அந்தக் கசப்பு.

"என்னண்ணா இது?"

"சிங்கப்பூர் பவுடரு. சாரத்து மேல நின்னா வெயிலு மண்டையப் பொளக்கும், கண்ணு எரியும், ஒண்ணுக்குப் போனா எரியும். எங்க ஃபோர்மேன் சீனன், தங்கமான மனுசன். 'உடம்பு சூடு'ன்னு கையால காட்டி இதக் குடுத்தான். நம்மூர்லயும் அதத்தான சொல்லுவாங்க? மறுநாளே எரிச்சல் நின்னுருச்சு. அப்பப் புடிச்சது."

"இன்னும் குடிக்கறியா?"

அண்ணி உள்ளேயிருந்து, "காப்பிய உட்டுட்டாரு கண்ணு. இது இல்லீன்னா இந்த வூட்டுல பொழுதே விடியாது" என்றார்.

"எப்படிக் கிடைக்குது?"

"லீவுல வர்ற பசங்க கொண்டாந்து குடுப்பானுங்க" என்றார் அண்ணன். குரலில் ஒரு மிடுக்கு. "நான் கேக்கறதில்ல. அவனுங்களே மரியாதைக்குக் கொண்டாருவானுங்க."

டப்பாவைக் கேட்டேன். கண்ணாடி ஷோகேசைத் திறந்து எடுத்தார். அது சமையலறையில் இருக்கும் பொருளே இல்லை. ஆரோக்கிய மாதா சுரூபம், என் கல்யாண போட்டோ, திறக்காத ஒரு சென்ட் பாட்டில், அவற்றோடு இந்த டப்பாக்கள் வரிசையாக நின்றன. தங்க நிற மூடி, மேலே சீன எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சேர்த்திருக்கும் பொருட்களில் மூன்றாவது பெயர், கார்டீனியா காய். சந்தேகத்துக்குச் சீன எழுத்தைப் படம் பிடித்து என்னோடு வேலை செய்யும் லிம் அக்காவுக்கு அனுப்பினேன். அவரும் அதையேதான் சொன்னார்.

 எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? குடலை வெட்டாமல் தப்பிக்க ஒரு வழி அந்த டப்பாவில் இருந்தது.

"அண்ணா, இது மூலிகைதான். டாக்டரம்மா இதத்தான் கேட்டாங்க."

"இதா? சீலு போட்டு, தேதி போட்டு, கம்பெனில இருந்து வருது. சந்தையில விக்கற வேரும் இதுவும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணுதாண்ணா. அங்க இருக்கற வேரு, காயை எல்லாம் அரைச்சு டப்பால போட்டுருக்காங்க. சிங்கப்பூர் சந்தையில விக்கற கஷாயம் இது."

அண்ணன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் வாசலில் எல்லாம் நின்று கஷாயத்தைத் திட்டியவர். தானும் நாள் தவறாமல் ஒரு டம்ளர் குடித்துக்கொண்டேதான் திட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அண்ணி அடக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அண்ணன் முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு இழுத்தது.

பூங்கொடிக்குப் போன் போட்டு அண்ணனிடமே கொடுத்தேன். "அம்மா, நாந்தாங்க, அன்னைக்கு உங்களத் திட்டிட்டு வந்தவன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொன்னார். போனில் பூங்கொடி போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. டாக்டர் என்பதை மறந்து சின்னப்பெண் மாதிரிக் கத்திவிட்டார்.

6

பூங்கொடி, அண்ணன், நான் மூவரும் டப்பாவோடு சேலத்துக்குப் போனோம். நோயாளியை அனுப்பிவைத்த ஸ்கேன் டாக்டர் தன் சென்டரை மூடிவிட்டு நோயாளியோடு பஸ்ஸில் வருவதை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அறுவை மருத்துவர் பூங்கொடி கொண்டுவந்த கட்டுரைகளைப் படித்தார். படங்களை மறுபடி பார்த்தார். 

"பவுடரை இன்னையோட நிறுத்துங்க. ஆபரேஷனைத் தள்ளி வைக்கறேன், கேன்சல் பண்ணல" என்றார் அண்ணனிடம். "வலி கூடினாலோ, வயிறு உப்பினாலோ அந்த நிமிஷமே வரணும். வீம்பு பண்ணிக்கிட்டு வூட்டுல இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றார் அண்ணன். அவ்வளவு அடக்கமாக அவர் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சிங்கப்பூர் திரும்பினேன். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்குச் சுலபமாக இல்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அண்ணனுக்கு வலி கூடிவிட்டதோ என்றே எடுப்பேன். நாம் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் அறுவையைத் தள்ளிவைத்தார்கள், குடல் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? முதல் மாதம் ஒருமுறை வலி வந்தது. அண்ணி அழுதார். பூங்கொடி வீட்டுக்கே போய்ப் பார்த்து, தன் சென்டருக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, வீக்கம் கூடவில்லை என்று சொன்ன பிறகுதான் நான் சாப்பிட்டேன். பிறகு வலி வரும் நாட்கள் தள்ளித் தள்ளிப் போயின. பேதி நின்றது. சட்டை கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது.

இதற்கிடையில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். அவருக்கு வந்துசேர்ந்த டப்பாக்களை அவர் தனியாகக் குடிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய தன் செட்டு ஆட்களுக்கெல்லாம் பெருமையாகப் பங்கு கொடுத்திருந்தார். இப்போது மொபெட்டை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டியிலிருந்து இண்டூர்வரை வீடு வீடாகப் போய், கொடுத்ததைத் திரும்பக் கேட்டார். சிங்கப்பூரார் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கிறார் என்று ஊரே பேசியது. ஒருவர் மூஞ்சியில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினாராம். மறுநாளும் அண்ணன் அதே கதவைத் தட்டினார். எல்லாரையும் பூங்கொடியிடம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். யாருக்கும் கோடு இல்லை.

அறுவை மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுத்து, குழாயும் விட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன, அவை போகாது. ஆனால் வீக்கம் வற்றியிருந்தது. தள்ளிவைத்த அறுவையை அவர் அன்றைக்குத்தான் ரத்து செய்தார்.

7

இந்த வாரம் சேலத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று. அரிய நோய்களைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பூங்கொடி பேச வேண்டும், நோயாளியையும் மேடைக்கு அழைத்துவர வேண்டும். அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். பெயரையும் ஊரையும் சொல்லமாட்டோம், ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்றாராம்.

"ஏனுங்க ரகசியம்? திருடுனனா? அந்தோணிசாமி, பாப்பாரப்பட்டின்னு பெருசாப் போடுங்க. நம்ம ஜில்லாவுல மொத ஆளு நாந்தானுங்க?"

அண்ணி சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீடியோ காலில் எனக்குக் காட்டினார். அப்போது எனக்கு மதிய இடைவேளை. லிம் அக்காவும் அந்தப் பயிற்சிப் பெண்ணும் இரண்டு பக்கமும் தலையை நீட்டினார்கள். மேடையில் பூங்கொடி. அண்ணன் கோவில் திருவிழாவுக்குக் கட்டும் பட்டுக்கரை வேட்டி கட்டி, நடுவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தக் கோடுகள். பூங்கொடி ஆரம்பத்தில் தடுமாறி, பிறகு நிறுத்தாமல் பேசினார். எங்கள் தருமபுரிப் பேச்சு அவர் ஆங்கிலத்துக்குள்ளும் எட்டிப்பார்த்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பேச்சு முடிந்து கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்து சேலத்து அறுவை மருத்துவர் எழுந்தார். நாள் குறித்தவர்.

"அந்தோணிசாமி, வயிறு இப்ப எப்படி இருக்கு?"

அண்ணன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, மைக்கை வாங்கிக்கொண்டார்.

"முழுசா இருக்குதுங்க டாக்டர்."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. கேட்டவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். என்ன சொன்னார் என்று லிம் அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினார்.  அவர் என் அண்ணன் என்று மட்டும் சொன்னேன்.